தாய்ப்பாலைக் கைமருந்தாகப் பயன்படுத்தலாமா?

பிரசவம் முடிந்து தாயும் சேயும் இல்லம் திரும்பிய சில நாள்களில் பெரும்பாலான குடும்பங்களில் ஓர் அறிவுரை கேட்கும். குழந்தையின் கண்ணில் பீளை கட்டியிருந்தால் இரண்டு துளி தாய்ப்பால் விடச் சொல்வார்கள். காது வலிக்கிறது என்று தோன்றினால் காதிலும், மூக்கு அடைத்தால் மூக்கிலும், தோலில் தடிப்பு எழுந்தால் அதன் மேலும் தாய்ப்பாலே மருந்தாகிறது. குழந்தைக்கு மட்டுமல்லாமல், வயல்வேலையில் கண்ணில் தூசி விழுந்த பெரியவருக்கும் பால் கொடுக்கும் தாயிடமிருந்து பால் வாங்கி விடும் வழக்கம் தமிழகத்தின் பல ஊர்களில் இன்றும் உண்டு.

இவ்வழக்கம் முழுவதும் தவறா, முழுவதும் சரியா என்று பெற்றோர் மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்கின்றனர். இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. சில இடங்களில் தாய்ப்பால் பயன்தரும். சில இடங்களில் பயனும் தீங்கும் இல்லை. சில இடங்களில் பார்வையையே இழக்கச் செய்யும் தாமதத்திற்குக் காரணமாகும். எந்த இடத்தில் எது பொருந்தும் என்று பகுத்தறிய உதவுவதே இப்பாடத்தின் நோக்கம்.

வழக்கத்தின் வேர்

தாய்ப்பாலை மருந்தாகக் கருதுவது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட 'ஏபர்ஸ் பாப்பிரஸ்' என்னும் மருத்துவச் சுவடியில், ஆண் குழந்தை பெற்ற தாயின் பாலைச் சேர்த்துச் செய்யும் மருந்துகள் குறிக்கப்பட்டுள்ளன. நம் சித்த மருத்துவத்திலும் தாய்ப்பால், மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் துணைமருந்தாக, அதாவது அனுபானமாக, வழங்கி வருகிறது. வசம்பு, சாதிக்காய், கடுக்காய், மாசிக்காய் முதலியவற்றைக் கல்லில் இழைத்துத் தாய்ப்பாலில் கலந்து குழந்தைக்குப் புகட்டும் உரைமருந்தைப் பாட்டிமார் நன்கு அறிவர்.

தூய நீரும் மருந்துக் கடையும் எளிதில் கிடைக்காத காலத்தில், வீட்டில் கிடைத்த பொருள்களுள் தாய்ப்பால் ஒப்பீட்டளவில் தூய்மையானது, இளஞ்சூடானது, எரிச்சல் தராதது. சாம்பலையும் சாணத்தையும் விட அது நிச்சயமாக மேலானது. எனவே முன்னோர் அதனை நாடியதில் வியப்பில்லை. ஆயினும் அன்று இருந்த நிலை வேறு. இன்று நம் கைக்கு எட்டும் மருத்துவம் வேறு.

பாலில் அடங்கியுள்ளவை

தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். லாக்டோஸ் என்னும் சர்க்கரை சுமார் 7 விழுக்காடும், கொழுப்பு 3 முதல் 4 விழுக்காடும், புரதம் சுமார் 1 விழுக்காடும் உள்ளன. இவை உணவுப் பகுதி. இவற்றோடு பாதுகாப்புப் பொருள்களும் கலந்துள்ளன.

முதலாவது, 'ஐ.ஜி.ஏ.' என்னும் எதிர்ப்புப் புரதம். தாய் இதுவரை எதிர்கொண்ட கிருமிகளுக்கு எதிராக அவள் உடல் உருவாக்கிய இப்புரதம் குழந்தையின் குடல் உட்சுவரில் படிந்து, கிருமி ஒட்டாமல் தடுக்கிறது. பிரசவித்த முதல் சில நாள்களில் சுரக்கும் சீம்பாலில் இது மிகுதி. இரண்டாவது, லாக்டோஃபெரின்; கிருமி வளர்வதற்குத் தேவையான இரும்பை இது பற்றிக்கொள்கிறது. மூன்றாவது, லைசோசைம், சில வகைக் கிருமிகளின் மேலுறையை இது சிதைக்கிறது. இவை தவிர வெள்ளணுக்களும், தோலும் குடலும் வளர உதவும் வளர்ச்சிக் காரணிகளும், நன்மை தரும் கிருமிகளுக்கு உணவாகும் சிக்கலான சர்க்கரைகளும் உள்ளன.

இப்பட்டியலைப் படிப்பவர், "இவ்வளவும் இருக்கையில் இதைக் கண்ணில் விட்டால் என்ன?" என்று கேட்கக்கூடும். இங்கு இரண்டு உண்மைகளை நினைவில் வைக்க வேண்டும்.

ஒன்று, தாய்ப்பால் கிருமியற்ற பொருளன்று. நலமுள்ள தாயின் பாலிலும் உயிருள்ள நுண்கிருமிகள் உண்டு. தோலிலிருந்தும் கையிலிருந்தும் கிண்ணத்திலிருந்தும் மேலும் சில சேரும். குழந்தையின் குடலுக்கு அவற்றுள் பல நன்மையே செய்யும். புண்பட்ட கருவிழிக்கு அவை ஏற்றவை அல்ல. பாலில் உள்ள சர்க்கரையும் கொழுப்பும் கிருமிகளுக்கும் உணவாகும்.

மற்றொன்று, பாலின் பாதுகாப்புத் திறன் குடிக்கும்போதுதான் முழுமையாகச் செயற்படுகிறது. ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் மேல் தொடர்ந்து பாயும்போது அப்புரதங்கள் தம் பணியைச் செய்கின்றன. வெளியில் விடும் இரண்டு துளிக்கு அத்தகைய ஆற்றலை எதிர்பார்க்க இயலாது.

பயன்தரும் இடங்கள்

*மார்புக்காம்பு வெடிப்பு.* பால் கொடுக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் பல தாய்மாருக்குக் காம்பில் வலியும் வெடிப்பும் ஏற்படும். பால் கொடுத்து முடித்தபின் சில துளிகளைப் பிழிந்து காம்பின் மேல் தடவிக் காற்றில் உலர விடுவது எளிய, பாதுகாப்பான முறை. இத்தகைய வலிக்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு 2014-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, எதையும் தடவாதிருப்பதோ, பாலை மட்டும் தடவுவதோ லனோலின் போன்ற களிம்புகளுக்கு இணையான பயனோ, கூடுதல் பயனோ தரக்கூடும் என்று கூறுகிறது.

ஆனால் வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் குழந்தை மார்பைச் சரியாகப் பற்றாமையே. அதைத் திருத்தாமல் எதைத் தடவினாலும் வலி மீண்டும் வரும். குழந்தையின் வாய் அகலத் திறந்திருக்க வேண்டும். முகவாய் மார்பைத் தொட வேண்டும். கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேற்புறத்தில் அதிகமாகவும் கீழ்ப்புறத்தில் குறைவாகவும் தெரிய வேண்டும். இந்நான்கும் அமையவில்லை என்றால் செவிலியரிடம் காட்டுங்கள். காம்பு பளபளப்பாகச் சிவந்து, பால் கொடுத்தபின் ஊசி குத்துவது போன்ற வலி நீடித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மார்பு சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் பால்கட்டு அழற்சியாக இருக்கலாம். இவ்விரண்டுக்கும் பால் தடவுவது போதாது, மருந்து வேண்டும். அழற்சி உள்ள மார்பிலிருந்து பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

*டயாபர் தடிப்பு.* ஈரானில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், டயாபர் தடிப்பு உள்ள குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குத் தாய்ப்பாலும், மற்றொரு பிரிவினருக்கு 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பும் தடவப்பட்டன. இரு பிரிவிலும் குணம் ஒத்திருந்தது. துருக்கியில் பிறந்த குழந்தைகளிடம் நடந்த மற்றோர் ஆய்விலோ, துத்தநாக ஆக்சைடு கலந்த தடுப்புக் களிம்பே பாலைவிட மேலாக அமைந்தது. ஆகவே இலேசான சிவப்புக்குப் பால் தடவி உலர விடுவதில் தவறில்லை. அதிகமான தடிப்புக்குக் களிம்பே தக்கது. எவ்வாறாயினும், ஈரத்துணியை உடனுக்குடன் மாற்றுவதும், நீரால் கழுவி நன்கு ஒற்றி உலர்த்துவதும், நாள்தோறும் சிறிது நேரம் டயாபரின்றிக் காற்றுப்பட விடுவதுமே முதன்மையான சிகிச்சை. தொடை மடிப்பினுள் அடர்ந்த சிவப்பும், அதனைச் சுற்றிச் சிறு சிறு புள்ளிகளும் தெரிந்தால் அது பூஞ்சை. அதற்குப் பால் தடவ வேண்டா, மருத்துவரிடம் காட்டுங்கள்.

*ஊசி வலி.* தடுப்பூசி போடும் வேளையில் தாய்ப்பால் கொடுப்பது குழந்தையின் அழுகையைக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. ஊசிக்குச் சில நிமிடங்களுக்கு முன்பே குழந்தையை மார்பில் சேர்த்து, போடும்போதும் போட்ட பின்பும் தொடர்ந்து கொடுக்கலாம். தாயின் அணைப்பு, சப்பும் செயல், பாலின் இனிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே இவ்வாறு உதவுகின்றன. தடுப்பூசி அறையில் இதற்கு இடம் கேட்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

*சளியும் வயிற்றுப்போக்கும்.* தாய்ப்பால் மிகச் சிறந்த மருந்தாவது இங்கேதான், ஆனால் வாய்வழியாக. சளியோ வயிற்றுப்போக்கோ வந்தால் வழக்கத்தை விட அடிக்கடி பால் கொடுங்கள். மூக்கடைத்த குழந்தை ஒரே முறையில் நிறையக் குடிக்காது. சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கின்போது பாலை நிறுத்தி அரிசிக் கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுப்பது தவறு. உப்பு–சர்க்கரைக் கரைசல், துத்தநாக மருந்து ஆகியவற்றை மருத்துவர் கூறும் அளவில் தாய்ப்பாலோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

*தொப்புள்கொடி.* துருக்கி, ஈரான் முதலிய நாடுகளில் நடந்த சில ஆய்வுகளில், பால் தடவிய கொடி சற்று விரைவில் உதிர்ந்தது. எனினும் உலக சுகாதார நிறுவனம் பொதுவாகப் பரிந்துரைப்பது, கொடியில் எதையும் தடவாமல் தூய்மையாகவும் உலர்ந்தும் வைத்திருப்பதையே. பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 முதல் 15 நாள்களுக்குள் கொடி தானே விழுந்துவிடும். ஓரிரு நாள் முன்னதாக விழுவதால் பெரிய நன்மை ஏதும் இல்லை. திருநீறு, மஞ்சள், எண்ணெய், சாணம் ஆகிய எதையும் வைக்கவே கூடாது. பிறந்த குழந்தைகளைக் கொன்ற இரணசன்னி நோய்க்குத் தூய்மையற்ற கொடிப் பராமரிப்பும் ஒரு காரணம். அந்நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்த நாடாக இந்தியா 2015-இல் அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியும் தூய்மையான பிரசவமுமே அந்நிலையைத் தந்தன.

கண்: மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் இடம்

கண்ணில் பால் விடும் வழக்கமே நம்மிடையே மிகப் பரவலானது. எனவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம். குழந்தையின் கண்ணில் நீரோ பீளையோ வருவதற்கு மூன்று பொதுவான காரணங்கள் உண்டு.

முதற்காரணம், கண்ணீர்க்குழாய் அடைப்பு. கண்ணிலிருந்து மூக்கிற்குச் செல்லும் மெல்லிய குழாய், பிறக்கும்போது முழுமையாகத் திறக்காமல் இருப்பது இதற்குக் காரணம். கண்ணில் எப்போதும் நீர் ததும்பும். காலையில் சிறிது பீளை கட்டும். ஆனால் விழி வெண்மையாகவே இருக்கும். இக்குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு முதலாண்டு நிறைவதற்குள் குழாய் தானே திறந்துவிடும். இக்குழந்தைக்குப் பால் விட்டவர்கள், பாலினால்தான் குணமாயிற்று என்று நம்புவது இயல்பு. உண்மையில் காலமே குணப்படுத்தியது. இவ்வழக்கத்தின் மீதுள்ள நம்பிக்கைக்கு இதுவே பெரிய காரணம் எனலாம்.

இதற்கு உதவுவது மென்மையான அழுத்தமே. கையைச் சோப்பிட்டுக் கழுவி, நகம் படாமல், கண்ணின் உள்மூலையில் விரலை வைத்து மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி மெல்ல அழுத்தி நீவ வேண்டும். நாளுக்குச் சில முறை இவ்வாறு செய்யலாம். முதன்முறை செவிலியரிடம் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். பீளையைத் துடைக்க, கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சு போதும். உள்மூலையிலிருந்து வெளிமூலை நோக்கி ஒரே முறை துடைத்து அப்பஞ்சை எறிந்துவிட வேண்டும். மறு கண்ணுக்கு வேறு பஞ்சு.

இரண்டாவது காரணம், பிறந்த குழந்தையின் கண் தொற்று. பிறந்த 28 நாள்களுக்குள் இமை வீங்கி, விழி சிவந்து, சீழ் வடிந்தால் அதனை அவசர நிலையாகவே கொள்ள வேண்டும். தாயின் பிறப்புவழியில் அறிகுறியின்றித் தங்கியிருந்த கொனோரியா, கிளமிடியா போன்ற கிருமிகள் பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணை அடையக்கூடும். கொனோரியா பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள்களுக்குள்ளும், கிளமிடியா ஐந்து முதல் பன்னிரண்டு நாள்களுக்குள்ளும் வெளிப்படும். கொனோரியாக் கிருமி கருவிழியை மிக விரைவில் துளைத்துவிடும் ஆற்றல் கொண்டது. ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் கார்ல் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட்டுத் துளி விடும் முறையை 1881-இல் வெளியிடும் முன்பு, ஐரோப்பாவில் எண்ணற்ற குழந்தைகள் இந்நோயால் பார்வை இழந்தனர்.

தாய்ப்பால் இக்கிருமிகளைக் கொல்லாதா என்பதை ஆய்வுக்கூடங்களிலும் சோதித்துள்ளனர். கொனோரியாக் கிருமியின் வளர்ச்சியைப் பால் ஓரளவு தடுத்தது; கண்நோய் தரும் மற்றக் கிருமிகள் பலவற்றின் மீது அதன் விளைவு சொற்பமே; கண்சொட்டு மருந்துக்கு அது இணையாகவில்லை. குழந்தையின் பார்வையை 'ஓரளவு' என்பதை நம்பி ஒப்படைக்க இயலாது. கிளமிடியாத் தொற்றுக்கோ கண்சொட்டு மருந்தும் போதாது. குழந்தைக்கு வாய்வழி மருந்தும், பெற்றோர் இருவருக்கும் சிகிச்சையும் தேவைப்படும்.

மூன்றாவது காரணம், காயம். இது பெரியவர்களுக்கும் மிகவும் பொருந்தும். அறுவடைக் காலத்தில் நெல்மணி தெறித்தோ, கரும்புத் தோகை கீறியோ, உமித்தூசி விழுந்தோ கருவிழியில் சிராய்ப்பு ஏற்படலாம். பயிர்களின் வழியே பூஞ்சை அச்சிராய்ப்பினுள் நுழைந்தால் கருவிழிப் புண் உண்டாகும். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை ஒரு முக்கியக் காரணம். அவ்வாறு புண்ணோடு கண் மருத்துவமனைக்கு வருவோரில் பலர், முதலில் தாய்ப்பால், ஆமணக்கெண்ணெய், இலைச்சாறு முதலியவற்றை விட்டுப் பார்த்தவர்களே.

இங்குக் காலமே அனைத்தையும் தீர்மானிக்கிறது. நேபாளத்தின் பக்தபூர் பகுதியில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், கண்ணில் சிராய்ப்பு ஏற்பட்டு 18 மணி நேரத்திற்குள் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு பெற்றவர்கள் எவருக்கும் புண் உண்டாகவில்லை. ஒரு நாள் கடந்து வந்தவர்களில் சிலருக்கு உண்டாயிற்று. பின்னர் மதுரை மாவட்டக் கிராமங்களிலும், ஊர்த் தொண்டர்கள் வழியே உடனடியாக மருந்து தரும் முறை ஆராயப்பட்டது. விலை குறைந்த எளிய களிம்பு, உரிய நேரத்தில் கிடைத்தால், கண்ணைக் காக்கிறது. "இரவு பால் விட்டுப் பார்ப்போம், காலையில் சரியாகாவிட்டால் போவோம்" என்னும் முடிவில் அந்தப் 18 மணி நேரமும் கழிந்துவிடுகிறது. தாய்ப்பாலால் நேரும் தீங்குகளுள் பெரியது, பாலில் இருக்கும் கிருமியை விட, இவ்வாறு இழக்கும் நேரமே.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. நம் கண்ணீரிலேயே லைசோசைமும் லாக்டோஃபெரினும் ஐ.ஜி.ஏ. புரதமும் இயல்பாக உள்ளன. பால் தரக்கூடிய பாதுகாப்புப் பொருள்கள் கண்ணுக்கு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கின்றன. பால் அங்கே புதிதாகக் கொண்டுவந்து சேர்ப்பது சர்க்கரையும் கொழுப்பும் வெளிக்கிருமியுமே.

காது, மூக்கு, தீப்புண்

காதினுள் பால் விடுவது வேண்டா. செவிப்பறையில் துளை இருந்தால் பால் நடுச்செவிக்குள் சென்று தேங்கித் தொற்றை வளர்க்கும். துளை இருக்கிறதா என்பதை வீட்டில் அறிய இயலாது. காதிலிருந்து சீழ் வடிந்தால் தூய துணியால் வெளிப்புறம் மட்டும் ஒற்றி எடுத்து மருத்துவரிடம் செல்லுங்கள்.

மூக்கினுள் பால் பீய்ச்சுவதும் வேண்டா. கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கின் வழியாகவே மூச்சு விடுகிறது. அதனுள் விடும் பால் புரையேறி நுரையீரலுக்குள் செல்லக்கூடும். மூக்கில் எண்ணெயோ நெய்யோ விடும் வழக்கம் குழந்தைகளுக்கு நுரையீரல் அழற்சி தந்ததை மருத்துவர்கள் கண்டுள்ளனர். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து, பால் கொடுப்பதற்குச் சற்று முன் ஓரிரு துளி விட்டால் போதுமானது.

தீப்புண்ணுக்குப் பால், பற்பசை, மாவு, மை ஆகிய எதையும் தடவக் கூடாது. ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காட்டித் தூய துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு வாருங்கள். கைக்குழந்தைக்கு உடல் குளிர்ந்துவிடாதபடி மற்றப் பகுதிகளைப் போர்த்தி வையுங்கள்.

உரைமருந்து பற்றி ஒரு சொல். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறெதையும் மருத்துவர் ஆலோசனையின்றிக் கொடுக்கலாகாது. கல்லும் கையும் கலக்கும் நீரும் தூய்மையற்றிருந்தால் வயிற்றுப்போக்கு வரும்; இழைத்த மருந்தின் அளவையும் கணிக்க இயலாது. சித்த மருத்துவத்தை நாட விரும்புவோர் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடமே ஆலோசனை பெற வேண்டும்.

பிறர் பாலைப் பெறுதல்

தன் தாயின் பால் தன் குழந்தைக்கு உரியது. பிறர் பாலைக் கண்ணிலோ புண்ணிலோ விடுவதும், வாய்வழி புகட்டுவதும் வேறு வகையான இடரைத் தருகின்றன. எச்.ஐ.வி. உள்ளிட்ட சில கிருமிகள் தாய்ப்பால் வழியாகப் பரவக்கூடும். பால் தருபவர் பார்ப்பதற்கு நலமாக இருப்பது இதற்கு உறுதியாகாது.

குறைமாதக் குழந்தைக்கும், தாய்க்குப் பால் போதாத நிலையிலும் கொடைப்பால் தேவைப்பட்டால் தாய்ப்பால் வங்கி உள்ளது. இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. இன்று தமிழகத்தின் அரசு மருத்துவமனைகளிலும் இத்தகைய வங்கிகள் இயங்குகின்றன. அங்குக் கொடையாளரின் இரத்தம் பரிசோதிக்கப்படும், பால் 62.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தப்படும். தாய்ப்பாலை விலைக்கு விற்பது சட்டத்தால் அனுமதிக்கப்படவில்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2024 மே மாதம் அறிவுறுத்தியுள்ளது. எனவே அறியாதவரிடமிருந்து பால் வாங்காதீர்கள்.

பயன்படுத்தும் முறை

காம்பு வெடிப்புக்கோ இலேசான தோல் தடிப்புக்கோ பால் தடவும்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.
2. அவ்வப்போது பிழிந்த புதிய பாலையே பயன்படுத்துங்கள். முதலில் வரும் ஓரிரு துளிகளை நீக்கிவிடுங்கள்.
3. தடவிய பின் முழுவதும் உலர விடுங்கள். ஈரத்தோடு துணியிட்டு மூடினால் பூஞ்சை வளரும்.
4. நீர் கசியும் புண், சீழ்க்கொப்புளம், ஆழமான வெட்டு ஆகியவற்றின் மேல் தடவாதீர்கள்.
5. இரண்டு நாளில் குறையவில்லை என்றாலோ, இடையில் மிகுந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தைக்குப் புகட்டுவதற்காகப் பிழிந்து வைக்கும் பாலை, 25 டிகிரிக்கு உட்பட்ட அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாளும் வைக்கலாம். நம் ஊர்க் கோடையில் அறை வெப்பம் அதனைவிட மிகுதி. ஆகையால் உடனே குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே நல்லது.

பெரியவர்களிடம் எடுத்துரைத்தல்

கண்ணில் பால் விடச் சொல்லும் பாட்டியும் மாமியாரும் குழந்தையின் மீதுள்ள அன்பினாலேயே சொல்கின்றனர். அவர்களை மறுத்துப் பேசுவது, பிரசவித்துச் சில நாளே ஆன தாய்க்கு எளிதன்று. "அத்தை, நீங்கள் சொல்வது போலப் பால் நல்லதுதான், அதனால்தான் அடிக்கடி குடிக்கக் கொடுக்கிறேன். கண் மட்டும் சிவந்திருக்கிறது, முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு வருவோம், நீங்களும் உடன் வாருங்கள்" என்று கூறலாம். பெரியவரையும் உடன் அழைத்து வந்தால் மருத்துவர் நேரில் விளக்குவார். குழந்தையின் தந்தையும் இப்பொறுப்பை ஏற்க வேண்டும். தாய் ஒருத்தி மட்டும் வீட்டாரோடு வாதிடும் நிலை கூடாது.

ஏற்கெனவே கண்ணில் பால் விட்டிருந்தால் அதனை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். எவரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். எதை, எப்போது, எத்தனை முறை விட்டீர்கள் என்பது சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

- பிறந்த 28 நாள்களுக்குள் கண்ணில் சீழ், இமை வீக்கம், விழிச் சிவப்பு
- எந்த வயதினருக்கும் கண்ணில் காயம், கருவிழியில் வெண்புள்ளி, வெளிச்சம் பார்க்க இயலாமை, பார்வை மங்கல்
- தொப்புளைச் சுற்றித் தோல் சிவத்தல், சீழ், துர்நாற்றம்
- 2 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 37.5 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல், அல்லது உடல் சில்லிட்டுப்போதல்
- 2 மாதத்திற்கு உட்பட்ட குழந்தை நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ, 2 முதல் 12 மாதக் குழந்தை 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு விடுதல், மார்பு உள்வாங்குதல்
- பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், வலிப்பு

இரவாயினும் காத்திருக்க வேண்டா. 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

மீள்பார்வை: விடை கூறிப் பாருங்கள்

1. மூன்று நாள் குழந்தைக்கு இமை வீங்கிச் சீழ் வடிகிறது. என்ன செய்வீர்கள்? – எதையும் விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு வருதல்.
2. இரண்டு மாதக் குழந்தைக்குக் கண்ணில் நீர் ததும்புகிறது. விழி வெண்மையாக உள்ளது. – ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, மூக்கோரம் மென்மையாக நீவுதல். அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் காட்டுதல்.
3. தாயின் காம்பில் வெடிப்பு. – பால் தடவி உலர்த்துதல். குழந்தை பற்றும் முறையைச் செவிலியரிடம் சரிபார்த்தல்.
4. கதிரடிக்கும்போது தாத்தாவின் கண்ணில் நெல் தெறித்தது. – தூய நீரால் கழுவி, தேய்க்காமல், அன்றே கண் மருத்துவரிடம் செல்லுதல்.
5. குழந்தைக்குச் சளி. – மூக்கில் பால் விடாமல், அடிக்கடி மார்பில் பால் கொடுத்தல்.

தாய்ப்பாலின் மேன்மையை நாம் குறைத்துக் கூறவில்லை. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் இணையுணவோடு தாய்ப்பால் என்று கொடுத்துவந்தால், வயிற்றுப்போக்கும் நுரையீரல் அழற்சியும் குறைந்து குழந்தை காக்கப்படுகிறது. அதுவே தாய்ப்பால் தரும் உண்மையான மருத்துவம். குழந்தையின் வாய்க்கு அதனைத் தாராளமாகக் கொடுங்கள். கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.